மூன்றாம் நம்பர் கேமராவில் ரோஸ்லின்

கேமராவுக்குள் படம் இருக்கும் என்று நம்புகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. எங்கள் கொட்டகைக்கு வேடிக்கை பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். பழைய டிவி ஸ்டூடியோ கேமராவின் தகர உடம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள அந்தக் காலத்து நிகழ்ச்சி ஏதாவது மிச்சம் இருக்குமா?" என்பார்கள். இருக்காது. ஸ்டூடியோ கேமரா பார்க்கும், பார்த்ததைக் கேபிள் வழியாக அனுப்பும், அடுத்த கணம் மறந்துவிடும். நேற்று தெருவில் போனவர்கள் இன்னும் சன்னல் கண்ணாடிக்குள் இருப்பார்களா என்று யாரும் கேட்பதில்லை. கேமராவிடம் மட்டும் கேட்கிறார்கள்.

நானும் என் கணவன் ரோலண்டும் ஒரே ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர்கள். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், கிரிம்ஸ்பி பக்கம், இப்போது கம்பளக் கடையாகிவிட்ட கட்டடம் அது. அவன் கேமராக்களைப் பழுதுபார்ப்பவன். நான் கட்டுப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேமராவிலிருந்தும் வரும் படத்துக்கு வெளிச்சமும் இருட்டும் அளந்து கொடுப்பவள். ஸ்டூடியோவை இழுத்து மூடியபோது காயலான் கடைக்குப் போகவிருந்த கேமராக்களை ரோலண்ட் ஒரு குதிரை டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். இந்தப் பைத்தியம் அப்போது பிடித்தது. லவுத் ஊருக்கு வெளியே, எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள கோழிக் கொட்டகையில் இன்று பதினான்கு கேமராக்கள் நிற்கின்றன. கோழிகள் போய் இருபது வருடம் ஆகியும் மழை பெய்தால் வாடை மட்டும் வரும்.

அக்டோபரில் ஒரு மழை நாளில்தான் கிளிஃபர்ட் மால்ட்பி வந்தார். எண்பது வயது இருக்கும். மேபிள்தார்ப்பிலிருந்து பஸ் மாறி வந்து, நிறுத்தத்திலிருந்து எங்கள் மேட்டில் நடந்தே ஏறியிருந்தார். தொப்பியைக் கழற்றிப் பிழிந்துவிட்டு, கொட்டகை வாசலிலேயே நின்றார்.

"ரேடியோவுல உங்களைப் பத்திச் சொன்னாங்கம்மா. அந்த ஸ்டூடியோ கேமராவெல்லாம் உங்ககிட்டதான் இருக்காமே."

"இருக்கு. உள்ள வாங்க, நனையாதீங்க."

"எம் பொண்ணு அதுல வந்தா. அறுபத்தெட்டு நவம்பர். சனிக்கிழமை குழந்தைங்க நிகழ்ச்சியில நின்னு ஒரு பாட்டு ஒப்பிச்சா. ரோஸ்லின்னு பேரு. ஆறு வயசு."

அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். முந்திக்கொண்டு சொன்னேன். "பெரியவரே, அது நேரடி ஒளிபரப்பு. அதை யாரும் பதிவு பண்ணலை."

"தெரியும். போன இடத்துலயெல்லாம் அதையேதான் சொன்னாங்க. அதனாலதான் கேமராவையே கேட்டுப் பாத்துடலாம்னு வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்லவேளை, சிரிக்கவில்லை. மீதியை அவர் சொல்லக் கேட்டபோது அந்தச் சிரிப்பு நெஞ்சிலேயே செத்துப்போனது.

பாட்டு ஒப்பித்த அந்தப் பெண், ஜனவரியில் மூளைக்காய்ச்சல் வந்து இறந்துவிட்டாள். அடக்கம் முடிந்து வந்ததும் அவர் மனைவி டோரீன் வீட்டிலிருந்த போட்டோக்களையெல்லாம் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், எண்ணெய் டிரம்மில் போட்டுக் கொளுத்தினாள். குழந்தையின் சட்டைகளும் ஷூக்களும் அதிலேயே போயின. இவர் தடுக்கவில்லை. தடுத்தால் அவளும் அந்த டிரம்முக்குள் இறங்கிவிடுவாள் போல இருந்தது என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் ரோஸ்லின் பெயரை எடுத்ததில்லை. வேறு குழந்தையும் பிறக்கவில்லை.

"எனக்கு அதுல கவலையே இருந்ததில்லம்மா. ஏன்னா எங்கிட்ட இருந்துச்சு. மீன் துறைக்கு ஐஸ் வண்டி ஓட்டிட்டுப் போவேன். போற வழியில கண்ணை லேசா மூடினா வந்துடும், முழு முகம். டோரீனுக்குத் தெரியாம நான் மட்டும் வெச்சுட்டு இருந்தேன். இந்த ஏப்ரல்ல டோரீன் போயிட்டா. சரி, இனிமே யாருக்கும் பயப்பட வேண்டாம், நிதானமா உக்காந்து பாக்கலாம்னு நாற்காலியைப் போட்டு உக்காந்தேன். இல்ல."

"என்ன இல்ல?"

"முகம் இல்லம்மா. போயிடுச்சு. சட்டை தெரியுது, முட்டியில காயம் தெரியுது, கழுத்துக்கு மேல ஒண்ணுமில்ல."

ஆறு மாதமாக அலைந்திருக்கிறார். பள்ளிக்கூடம் இடிக்கப்பட்டுவிட்டது. செய்தித்தாள் அலுவலகத்தில் எதுவும் இல்லை. அவருடைய தங்கையின் ஆல்பத்தில் ஒரே ஒரு படம் அகப்பட்டது. மேபிள்தார்ப் கடற்கரையில் ரோஸ்லின் கழுதை மேல் உட்கார்ந்திருக்கிறாள். கழுதையின் முகம் இமை மயிர் வரைக்கும் தெளிவாக இருக்கிறது. அவள் முகம் வெயில் தொப்பிக்குள் இருட்டாகக் கிடக்கிறது. அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். கழுதை மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

"நான் கோயிலுக்கு ஒழுங்காப் போறவன்," என்றார். "செத்தா பாக்கலாம்னு பாதிரியார் சொல்றாரு. நானும் நம்புறேன். ஆனா அங்க எத்தனை குழந்தைங்க நிக்கும்? அதுல எதை நான் கூப்பிடறது? அவ என்னைப் பாத்துட்டே நிப்பா, நான் தெரியாம அவளைத் தாண்டிப் போயிடுவேன். அதுக்குள்ள ஒரு தடவை பாத்துடணும். ஒரே தடவை."

மென்மையாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. முடிந்தவரை மென்மையாகவே சொன்னேன். "கேமராவுக்குள்ள எதுவும் தங்காது, பெரியவரே. ஒண்ணுமே இருக்காது. எங்களால முடிஞ்சா செஞ்சிருக்க மாட்டோமா?"

அவர் தலையாட்டினார். தொப்பியைப் போட்டுக்கொள்ளக் கையையும் உயர்த்திவிட்டார். அத்தோடு போயிருப்பார். அழுதுகொண்டு போயிருந்தாலும் அந்த ஒரே அழுகையோடு முடிந்திருக்கும். அப்போது மேசைக்குப் பின்னால் பற்றவைப்புக் கோலோடு குனிந்திருந்த என் கணவன் நிமிர்ந்தான்.

"சரியாச் சொல்லணும்னா," என்றான், "ஒண்ணுமே இருக்காதுன்னு சொல்லிட முடியாது."

பழைய கேமராக்களோடு கிடக்கும் ஆண்கள் எல்லாருக்கும் உள்ள வியாதி இது. தப்பான தகவல் ஒன்று காதில் விழுந்தால் அதைத் திருத்தாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது. எங்கள் நண்பர் ஒருவரின் அடக்கத்தில், இவர் ரேடியோவில் பணிபுரிந்தார் என்று பாதிரியார் சொன்னதும், மூன்றாவது வரிசையிலிருந்து, "டிவி" என்று குரல் கொடுத்தவன் ரோலண்ட். விதவை திரும்பிப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டி, ஆமாம், டிவிதான் என்று அவளுக்கும் உறுதி செய்தான்.

இப்போது மால்ட்பியை உட்காரவைத்து விளக்கமே கொடுத்தான். அந்தக் கறுப்பு வெள்ளைக் கேமராக்களுக்குள், கண்ணின் இடத்தில், ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அசையாத பொருளை அதிக நேரம் வெறித்துப் பார்த்தால் அதன் சாயல் குழாயில் தழும்பாக விழுந்துவிடும். நாங்கள் அதைச் சூடு என்போம். லேசான சூடு சீக்கிரம் ஆறிவிடும், பலமாக விழுந்தால் அது குழாயோடுதான் போகும். அதனால்தான் கேமராக்காரர்கள் சும்மா நிற்கும்போதுகூட கேமராவை லேசாக ஆட்டிக்கொண்டே இருப்பார்கள், இல்லாவிட்டால் மூடி போட்டுவிடுவார்கள்.

"அப்போ இருக்கலாம்," என்றார் மால்ட்பி.

"இருக்க முடியாது," என்றேன் நான். "குழாயெல்லாம் சில மாசத்துக்கு ஒரு தடவை மாத்திடுவோம். அந்த வருஷத்துக் குழாய் எதுவும் இப்ப கிடையாது."

"சரியாச் சொல்லணும்னா—"

"ரோலண்ட், வாயை மூடு."

"மூணாம் நம்பர்ல இருக்கு, மேவிஸ். அந்தக் குளிர்காலத்துலதானே அதை ஓரங்கட்டினாங்க? குழாயோடதான் வெச்சாங்க. நான் இதுவரைக்கும் கழட்டலை."

எனக்கு அவன் தலையில் எதையாவது போட வேண்டும் போல இருந்தது. "சின்னப் பொண்ணு பாட்டு ஒப்பிக்கிறதுக்கெல்லாம் சூடு விழாது, பெரியவரே. குழந்தைங்க நெளிஞ்சுட்டே இருக்கும். ஒரே இடத்துல அசையாம நின்னாத்தான் விழும்."

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அவ அசையவே மாட்டாம்மா. நில்லுன்னா நிப்பா. அவ்வளவு நல்ல பொண்ணு."

அன்று மாலை நானும் ரோலண்டும் பெரிய சண்டை போட்டோம். உண்மையைத்தானே சொன்னேன் என்றான். உன் உண்மையை நீயே தின்னு என்றேன். ஆனால் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க முடியாது. மூன்றாம் நம்பரை எழுப்பித்தான் ஆக வேண்டும்.

எழுப்புவது என்றுதான் எங்கள் ஆட்கள் சொல்வார்கள். நாற்பது வருடம் தூங்கிய கேமராவுக்கு நேராகக் கரண்ட் கொடுத்தால் உள்ளே கரண்டைத் தேக்கிவைக்கும் பழைய கண்டென்சர்கள் வெடிக்கும். அவை கரண்ட் ருசியை மறந்திருக்கும். துளித் துளியாக ஏற்ற வேண்டும். இன்று கொஞ்சம், அது பொறுத்துக்கொண்டால் நாளை இன்னும் கொஞ்சம். கெட்டதைக் கழற்றி வேறு போட வேண்டும். அதற்குள் அவசரப்படுகிறவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை.

மால்ட்பி தினமும் வந்தார். சீஸும் ஊறுகாயும் வைத்த ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பழைய கோழிக் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து, மூன்றாம் நம்பரையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காருகிறவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். முதலில் நான் டீகூடக் கொடுக்கவில்லை. டீ கொடுத்தால் நம்பிக்கையும் சேர்த்துக் கொடுத்ததாகும் என்று ஒரு வீம்பு. பிறகு குளிர் கூடியதும் கொடுத்தேன்.

"இன்னைக்கு எவ்வளவு ஏத்தினீங்க, தம்பி?" என்று ரோலண்டைக் கேட்பார்.

"பாதிக்கும் கீழதான்."

"கொஞ்சம் வேகமா ஏத்தக் கூடாதா? எனக்கு ராத்திரியில நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுது. அதுக்குள்ள எனக்கு ஏதாவது ஆயிட்டா?"

"வேகமா ஏத்தினா அது போயிடும்."

"நான் போயிட்டா?"

ரோலண்ட் குனிந்து வேலையைப் பார்த்தான்.

ஒரு மத்தியானம் நாங்கள் இருவரும் சாப்பிட வீட்டுக்குள் வந்திருந்தோம். கொட்டகையிலிருந்து துப்பாக்கி வெடித்ததுபோல் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், புகை. மால்ட்பி கரண்ட் ஏற்றும் திருகைப் பிடித்தபடி நிற்கிறார். முழுக்கத் திருப்பியிருக்கிறார். கேமராவின் பக்கக் கதவுக்குள்ளிருந்து கண்டென்சர் ஒன்று வெடித்து, அதற்குள்ளிருந்த மெழுகுக் காகிதம் துணுக்கு துணுக்காக அவர் கோட்டின் மேலெல்லாம் ஒட்டியிருந்தது.

"என்னய்யா பண்ணீங்க!" என்று ரோலண்ட் கத்தினான். நாற்பது வருடத்தில் அவன் யாரிடமும் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

மால்ட்பி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "போயிட்டாளா? தம்பி, சொல்லு, போயிட்டாளா? கொன்னுட்டேனா?"

குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொன்ன பிறகும் அவர் ரோலண்டின் கையை விடவில்லை. அன்று அவரைக் காரில் ஏற்றி நானே மேபிள்தார்ப்பில் விட்டுவந்தேன். வழி முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். என்னிடம் இல்லை, ரோஸ்லினிடம்.

வெடித்ததை மாற்றி, மற்றதையெல்லாம் மறுபடி சோதித்து முடிக்கையில் நவம்பர் வந்துவிட்டது. அதற்குள் எனக்கும் என்னவோ ஆகியிருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. இதெல்லாம் நடக்காது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் யாரும் கிடையாது. ஆனாலும் பாத்திரம் கழுவும்போது, ஒருவேளை அந்தப் பெண் நிஜமாகவே அசையாமல் நின்றிருந்தால், என்று தோன்றும். ஒத்திகைக்காக விளக்குக்கு நேரே ரொம்ப நேரம் நிறுத்திவைத்திருந்தால். மேசையில் அன்று உட்கார்ந்திருந்தவள் நான்தானா, என்னோடு முறை மாற்றி உட்காரும் இன்னொருத்தியா என்றுகூட நினைவில்லை. எத்தனையோ குழந்தைகள் வந்தன.

"ஒருவேளை இருக்குமா, ரோலண்ட்?" என்று கேட்டேவிட்டேன்.

அவன் துண்டால் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அவன் என்னைத் திருத்தாமல் விட்டது அதுதான் முதல் தடவை. இருக்காது என்ற பதில் அதிலேயே எனக்குக் கிடைத்துவிட்டது.

படம் வந்த நாள் நன்றாக வெயிலடித்தது. கேமராவுக்கு முன்னால் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தி, அதன் மேல் சீராக விளக்குப் போட்டோம். வெற்று வெள்ளையைப் பார்க்கும்போதுதான் குழாயில் உள்ள சூடு தெரியும். நான் பழைய கட்டுப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். மால்ட்பி என் பக்கத்தில், மானிட்டருக்கு முகம் கொடுத்து. சலவை செய்த சட்டை, கழுத்தில் டை. திரை முதலில் கறுப்பாக இருந்தது. பிறகு சாம்பல் நிறம். ரோலண்ட் மூடியை எடுத்தான். வெளிச்சம் மெல்ல ஏறியது.

குழாய் பலவீனமாக இருந்தது. ஆனால் பார்த்தது. அந்த வெளுப்புக்கு நடுவே, லேசான புகை நிறத்தில், ஒரு வட்டம்.

மால்ட்பி எழுந்துவிட்டார். "முகம்," என்றார். "அம்மா, முகம். வட்ட முகம்தான் அவளுக்கு."

திரைக்கு மிக அருகில் போய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். விரலால் வட்டத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே வந்தார். ரோலண்ட் கேமராவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தான். அவன் உதடு அசைந்தது, ஆனால் சொல்லவில்லை. அந்த வேலையை எனக்கு விட்டுவிட்டான்.

அந்த வட்டம் என்னவென்று எங்கள் இருவருக்கும் பார்த்ததுமே தெரியும். தினமும் காலையில் எல்லாக் கேமராவும் பார்க்கும் சோதனை அட்டை அது. நடுவில் வட்டம், குறுக்கே கோடு. படம் கோணாமல் இருக்கிறதா என்று பார்க்க அதற்கு முன்னால்தான் கேமராவை நிறுத்துவோம். நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவோம். சூடு விழாமல் என்ன செய்யும்.

அப்படியே விட்டிருக்கலாம். இதுதான் அவள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிம்மதியாகப் போயிருப்பார். ஆனால் அவர் செத்த பிறகு அங்கே போய் ஒரு சோதனை அட்டையைத் தேடிக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். என்னால் முடியவில்லை.

"அது அவ இல்ல, பெரியவரே. அது ஒரு அட்டை. நாங்க கேமராவைச் சரிபாக்க வைக்கிறது. பாருங்க, நடுவுல கோடு தெரியுது."

பார்த்தார். கோடு தெரிந்தது. மெதுவாக உட்கார முயன்றார், நாற்காலி தள்ளிப் போயிருந்ததால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. வாயைத் திறந்து மூச்சை இழுத்தார், விட்டார். மறுபடி இழுத்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் ஆகவில்லை. ரோலண்ட் மேல் கோபம், டோரீன் மேல் கோபம், அந்தக் கழுதை மேல் கோபம். கோபம் வந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும்.

"அவ யார் சாயல்?" என்றேன்.

"என்ன?"

"உங்க சாயலா, அம்மா சாயலா?"

"என்னை உரிச்சு வெச்சிருக்குன்னு எல்லாரும் சொல்வாங்க."

"எந்திரிங்க. ரோலண்ட், அட்டையைத் தூக்கு. ஸ்டூலைப் போடு. விளக்கை அவர் முகத்துக்கு நேரா, கொஞ்சம் கீழ இறக்கி வை."

முப்பது வருடம் நான் சோறு தின்ற வேலை அது. வயதான அறிவிப்பாளர்களின் முகத்திலிருந்து வருடங்களை எடுப்பது. லென்ஸைக் கொஞ்சம் அதிகமாகத் திறக்க வேண்டும், இருட்டைக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும், கூர்மையை ஒரு மயிரிழை குறைக்க வேண்டும். மால்ட்பி ஸ்டூலில் உட்கார்ந்தார். மானிட்டரை அவர் பார்க்கும்படி திருப்பிவைத்தோம். திரையில் எண்பது வயது முகம் வந்தது. நான் திருகுகளைத் தொட்டேன். முதலில் நெற்றிச் சுருக்கம் போனது. பிறகு கன்னத்துப் பள்ளம், பிறகு தாடி முள். கடைசியில் வெள்ளை வெளேர் என்று ஒரு முகம் மிஞ்சியது. இரண்டு கண், ஒரு மூக்கு, ஒரு வாய். வயது இல்லை.

அவர் பார்த்தார். "இது அவ இல்ல."

"இல்லைன்னு சொன்னாப் போதாது. எது இல்ல? அதைச் சொல்லுங்க."

"மூக்கு," என்றார் உடனே. "மூக்கு தப்பு. அவளுக்கு டோரீன் மூக்கு. சின்னது, நுனி கொஞ்சம் மேல பாத்திருக்கும்."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டுப் போனார். இத்தனை மாதமாக வராதது அது. விரலை மூக்கின் மேல் வைத்து நுனியை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம்?"

"காது வேண்டாம். முடி காதை மூடியிருக்கும்."

ரோலண்ட் கேமராவின் கறுப்புத் துணி உறையைக் கொண்டுவந்து அவர் தலை மேல் போட்டு, காதுகளை மறைத்துவிட்டான். கிழவர் தலையில் கறுப்புத் துணி, மூக்கைத் தள்ளிப் பிடித்த விரல். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

"நெத்தி?"

"சரி."

"கண்ணு?"

"சரி. கண்ணு சரிதான். அதை ஒண்ணும் பண்ணாதீங்க. புருவம் இவ்வளவு தடியா இருக்காது. இடது புருவம் பாதியிலேயே நின்னுடும், படியில விழுந்த தழும்பு. முன்பல் ஒண்ணு இல்ல. அன்னைக்கு ஸ்டூடியோவுல அதை நாக்காலத் தடவிட்டே இருந்தா, நான்தான் வேண்டாம்னேன்..."

வந்துகொண்டே இருந்தது. எது தப்பு என்று அவருக்குத் தெரிந்தது. எது சரி என்று கேட்டால் ஒன்றும் வராத மனிதருக்கு, தப்பைக் காட்டினால் எல்லாம் தெரிந்தது.

"மேவிஸ்," என்றான் ரோலண்ட் மெதுவாக. "குழாய் போகுது."

எனக்கும் தெரிந்தது. படத்தின் ஓரங்கள் கறுத்துக்கொண்டு வந்தன. நான் இன்னும் கொஞ்சம் திறந்தேன். அப்படிச் செய்தால் குழாய் இன்னும் சீக்கிரம் சாகும். சாகட்டும் என்று திறந்தேன்.

"வாய், பெரியவரே. வாய் மட்டும்தான் பாக்கி. பாட்டு ஒப்பிக்கும்போது வாய் எப்படி இருந்துச்சு?"

"வாய்..." அவர் யோசித்தார். உதட்டைக் குவித்தார், இல்லை என்று தலையாட்டினார். பல்லைக் காட்டினார், அதுவும் இல்லை. பிறகு அவர் தலை தானாகவே ஒரு பக்கம் தோளில் சாய்ந்தது. உதடு லேசாகப் பிரிந்தது. கண் பாதி மூடியது. திரையில் அந்த வெள்ளை முகம் அப்படியே சாய்ந்து நின்றது.

"இதுதான்," என்றார். "ஐயோ, இதுதான் அவ. ஆனா இது பாட்டு ஒப்பிச்சது இல்லம்மா. இது ஜனவரி. இது ஆஸ்பத்திரி முகம். தலையணையில இப்படித்தான் கிடந்தா. நான் இதைக் கேக்கலையே. நான் அதைத்தானே கேட்டேன்."

கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. திரையில் அது தெரியவில்லை. அதையும் நான் சுருக்கங்களோடு சேர்த்து அழித்திருந்தேன். தலையை மட்டும் அவர் நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் விசையில் கை வைத்தேன். "அணைச்சுடறேன், பெரியவரே. போதும்."

"வேண்டாம், தாயி," என்றார், உதட்டைக்கூட அதிகம் அசைக்காமல். "விட்டு வை. இதுவும் அவதான். இதையும் விட்டுட்டா எங்கிட்ட வேற கிடையாது."

நான் கையை எடுத்துவிட்டேன். குழாயில் மிச்சமிருந்ததையெல்லாம் அந்த முகத்துக்கே கொடுத்துக்கொண்டு, அது இருளும் வரை மூன்று பேரும் அசையாமல் இருந்தோம்.